வாட்ச் அசல்தான், குறை எங்கே ஒளிந்திருந்தது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பழைய வாட்ச் வியாபாரம் செய்யும் ஒருவரிடம் நாலரை லட்சம் ரூபாய்க்கு ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 16234 ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அதன் தொடர் எண் எக்ஸ் என்ற எழுத்தில் தொடங்குகிறது. "எல்லாம் ஒரிஜினல், போன வருஷம்தான் ஃபுல் சர்வீஸ் ஆனது" என்று விற்றவர் வாட்ஸ்அப்பில் எழுதியே தந்திருக்கிறார். சில மாதங்களில் அது நாளொன்றுக்கு நாற்பது வினாடி பின்தங்கத் தொடங்கியது. மணிக்கட்டை அசைத்தால் உள்ளே ஏதோ உரசும் ஒலியும் கேட்டது. கோவையில் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வாட்ச் அசல்தான் என்றும், ஆனால் டயல் பிற்காலத்தது, வாட்ச்சின் உலோக உடலான கேஸ் பலமுறை பாலிஷ் போடப்பட்டது, உள்ளே சுழலும் ரோட்டரின் அச்சு தேய்ந்திருக்கிறது, வாஷர் உட்காரும் இடத்தைத் துரு அரித்திருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். இவற்றை வாங்கும்போதே கண்டுபிடித்திருக்க முடியுமா, இப்போது விற்றவரிடம் என்ன கேட்கலாம் என்பவை உங்கள் கேள்விகள்.

முதல் இரண்டு குறைகளை வாட்ச்சைத் திறக்காமலேயே கண்டிருக்கலாம். மற்ற இரண்டையும் பின்மூடியைத் திறக்காமல் யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. விலையுயர்ந்த வாட்ச் வாங்க வருபவரின் கவனம் முழுவதும் "அசலா, டூப்ளிகேட்டா" என்ற ஒரே கேள்வியில் செலவாகிவிடுகிறது. அசல் என்று தெரிந்ததும் மனம் நிம்மதியடைந்து, மற்ற கேள்விகளைக் கேட்காமலேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் முப்பது ஆண்டு ஓடிய ஒரு வாட்ச்சில் எந்தப் பாகம் எந்தக் காலத்தது, எது எந்த நிலையில் இருக்கிறது என்பவைதான் விலையைத் தீர்மானிக்கும் கேள்விகள். கைமாறி வரும் வாட்ச்களில் பெரும்பாலான ஏமாற்றங்கள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன.

இதற்கு மிகப் பெரிய உதாரணம் சுவிஸ் வாட்ச் நிறுவனமான ஒமேகாவுக்கே நேர்ந்தது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் 1957ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்லி ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டரை ஏலம் விட்டது. பழுப்பேறிய டயல், அகன்ற அம்பு முனை போன்ற மணி முள், சேகரிப்பாளர்கள் உயிரை விடும் சிகே2915-1 மாடல். 80,000 முதல் 1,20,000 சுவிஸ் ஃபிராங்க் வரை போகும் என்று மதிப்பிடப்பட்ட அது 31 லட்சம் ஃபிராங்குக்கு மேல் போனது. அதைத் தன் அருங்காட்சியகத்துக்காக வாங்கியது ஒமேகாவேதான். 2023 ஜூனில் அதே ஒமேகா, அந்த வாட்ச் பல இடங்களிலிருந்து எடுத்த, பெரும்பாலும் அசலான பாகங்களைச் சேர்த்துக் கோத்தது என்றும், அதில் தன் முன்னாள் ஊழியர்களுக்குப் பங்கு உண்டு என்றும் அறிவித்தது. சேகரிப்பாளர்கள் இத்தகையதை ஃபிராங்கன் வாட்ச் என்பார்கள். நம் நாட்டில் பழைய எச்எம்டி, ஃபாவ்ரே லூபா வாட்ச்களுக்குப் பளபளவென்று புது டயல் அச்சடித்து விற்கும் "மும்பை ஸ்பெஷல்" இதன் ஏழைத் தம்பி. அதில் குறைந்தபட்சம் விலையாவது நம்மை எச்சரித்துவிடும்.

இனி உங்கள் வாட்ச்சுக்கு வருகிறேன். டயல் பிற்காலத்தது என்பதை ஒரு கண்லென்ஸும் இருட்டறையும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம். எக்ஸ் வரிசை எண்கள் 1991ஐ ஒட்டியவை. இந்தப் பட்டியலை ரோலெக்ஸ் வெளியிட்டதில்லை, சேகரிப்பாளர்கள் தொகுத்ததுதான் என்றாலும் ஓரிரு ஆண்டு முன்பின்னாக நம்பலாம். அந்தக் காலத்தில் டயலில் இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசப்பட்டது டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள். அதைக் காட்டுவதற்காக ஆறு மணிக் குறிக்குக் கீழே, டயலின் கடைசி விளிம்பில், "ஸ்விஸ் மேட்" என்ற சொற்களின் இருபுறமும் டி என்ற எழுத்து இருக்கும். 1998 வாக்கில் டிரிட்டியத்தை விட்டுவிட்டு, வெளிச்சத்தை உள்வாங்கி ஒளிரும் கதிரியக்கமற்ற லூமினோவாவுக்கு மாறியபோது அந்த எழுத்துகளும் போய்விட்டன. ஆகவே எக்ஸ் எண் கொண்ட வாட்ச்சில் டி இல்லாமல் வெறும் "ஸ்விஸ் மேட்" இருந்தால் டயல் பின்னால் வந்தது என்று அர்த்தம். இரண்டாவது சோதனை வெளிச்சம். டிரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள், 1991இல் பூசியதில் இன்று ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும், அதனோடு சேர்ந்த ஒளிரும் பொடியும் களைத்துப் போயிருக்கும். டார்ச் வெளிச்சத்தில் அரை நிமிடம் காட்டிவிட்டு விளக்கை அணைத்தால், பழைய டிரிட்டியம் சில நொடிகளில் மங்கிவிடும். லூமினோவா நெடுநேரம் பச்சையாக நின்று எரியும். முள்கள் ஒரு நிறமாகவும் டயலின் புள்ளிகள் வேறு நிறமாகவும் ஒளிர்ந்தால், இரண்டும் ஒரே நாளில் ஒரே வாட்ச்சில் ஏறியவை அல்ல.

ஆனால் டயல் மாறியிருப்பதே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். ரோலெக்ஸின் சர்வீஸ் மையங்களே பழைய டிரிட்டியம் டயலைக் கழற்றிவிட்டுப் புதிய டயல் போட்டுத் தருவது வழக்கமாக நடந்திருக்கிறது. அப்படி மாறிய டயல் கம்பெனிப் பொருள்தான், தினமும் கட்டிக்கொள்பவருக்கு அது நல்லதும்கூட. சிக்கல் "எல்லாம் ஒரிஜினல்" என்ற சொல்லில் இருக்கிறது. "டயல் சர்வீஸில் மாறியது" என்று சொல்லி, அதற்கேற்ப விலை குறைத்து விற்றிருந்தால் நான் அந்த வியாபாரியைப் பாராட்டியிருப்பேன்.

கேஸ் பாலிஷ் விஷயத்தில் நம்மவர்களின் ரசனையே நமக்கு எதிரி. பழைய வாட்ச் கண்ணாடிபோல் மின்னினால் "நன்றாக வைத்திருந்திருக்கிறார்" என்று நினைக்கிறோம். முப்பது வருடம் கையில் கிடந்த எஃகு அப்படி மின்னவே மின்னாது. மின்னுகிறதென்றால் அதன் மேல்தோலை யாரோ இழைத்து எடுத்திருக்கிறார்கள். 16234இல் செயின் மாட்டும் நான்கு காதுகளின் மேற்பரப்பு மெல்லிய கோடுகளோடு மங்கலாகவும், பக்கவாட்டு கண்ணாடிபோல் வழவழப்பாகவும் இருக்கவேண்டும்; இரண்டும் சந்திக்கும் விளிம்பு விரலில் உணரும் அளவுக்குக் கூர்மையாக இருக்கவேண்டும். பாலிஷ் சக்கரத்தில் பலமுறை பிடித்த கேஸில் அந்த விளிம்பு உருண்டு, கோடுகளும் வழவழப்பும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். வாட்ச்சைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, ஆறு மணிப் பக்கத்திலிருந்து நான்கு காதுகளின் பருமனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மெலிந்தும் ஒன்று தடித்தும் இருந்தால் கையால் இழைத்த வேலை. காதின் பக்கவாட்டில் துளை உள்ள கேஸாக இருந்தால் இன்னும் எளிது: துளை விளிம்பை ஒட்டி வந்திருந்தாலோ, அதன் வாய் அகன்று குழிந்திருந்தாலோ உலோகம் கணிசமாகப் போய்விட்டது. கண்ணாடியைச் சுற்றியுள்ள வெள்ளைத் தங்க வளையத்தின் வரிகளையும் லென்ஸில் பாருங்கள். முகடுகள் மழுங்கியிருந்தால் அதையும் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள். லேசர் வெல்டிங்கில் உலோகம் சேர்த்து காதை மீட்டெடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது செலவான, எல்லாரும் செய்யத் தெரியாத வேலை. பாலிஷில் போன எஃகு போனதுதான் என்று எடுத்துக்கொள்வதே வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

செயினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாட்ச்சைப் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடித்தால் செயின் எவ்வளவு தொய்கிறது என்று பார்த்தாலே தேய்மானம் தெரிந்துவிடும்.

பின்மூடிக்கு உள்ளேதான் உண்மையான பணம் இருக்கிறது, குறையும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் வாட்ச்சில் ஓடுவது 3135 என்ற மெஷின். 1988இல் வந்தது, மணிக்கு 28,800 துடிப்பு, முழுச் சாவியில் சுமார் 48 மணி நேரம் ஓடும். கடிகாரத் தொழிலில் இருப்பவர்கள் மரியாதையோடு பேசும் மெஷின் அது. ஆனால் அதற்கென்று ஒரு பலவீனம் உண்டு. கை அசையும்போது சுழன்று சாவி ஏற்றும் அரைவட்ட எடையான ரோட்டர், பல மெஷின்களில் பந்து பேரிங்கில் சுழலும். 3135இலோ ஒரு சிறு அச்சின் மீது சுழல்கிறது. எண்ணெய் காய்ந்த பிறகும் சர்வீஸ் செய்யாமல் கட்டிக்கொண்டே இருந்தால் அந்த அச்சு தேய்ந்து, ரோட்டர் ஒரு பக்கம் சாயும். சாய்ந்த ரோட்டரின் விளிம்பு, கீழே சக்கரங்களைத் தாங்கும் தகடுகளான பாலங்களிலோ கேஸின் உட்பக்கத்திலோ உரசும். நீங்கள் கேட்ட ஒலி அதுதான்.

மூடியைத் திறந்தால் இது கண்ணுக்குத் தெரியும் விதமே தனி. பாலத்தின் மீது பிறை வடிவில் ஒரு பளிச்சென்ற கீறல். அதைச் சுற்றி சாம்பல் நிறத்தில், விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நுண்ணிய உலோகப் பொடி. ரோட்டரின் விளிம்பை மரக்குச்சியால் மெதுவாக அழுத்தினால் அது மேலும் கீழும் ஆடும். அந்தப் பொடி எண்ணெயோடு கலந்து சக்கரங்களின் முனைகளுக்குள் போய், தேய்ப்பு மாவு போல வேலை செய்கிறது. இருபுறமும் ஊசலாடி நேரத்தைக் கணக்கிடும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு குறைகிறது, நேரம் பின்தங்குகிறது. காந்தம் பிடித்த வாட்ச் பொதுவாக முந்தி ஓடும், அதற்கு இரண்டு நிமிட வேலைதான் மருந்து. உங்களுடையது பின்தங்குவதால், உரசலையும் சேர்த்துப் பார்த்தால், காரணம் இந்தப் பொடியும் காய்ந்த எண்ணெயும்தான் என்று மெக்கானிக் சொல்வதை நானும் ஏற்கிறேன்.

துருவுக்கு வருவோம். பின்மூடிக்கும் கேஸுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் வாஷர்தான் நீரைத் தடுக்கிறது. வியர்வையும் உப்பும் அந்த இடுக்கில் தங்கி, காற்றுப் படாமல் ஊறும்போது, உயர்தர எஃகுகூடக் குழி குழியாக அரிக்கப்படும். சென்னை போன்ற கடலோர ஊரில், குளித்துவிட்டு ஈரக் கையோடு வாட்ச்சைக் கட்டி, இருபது வருடம் மூடியைத் திறக்காமல் வைத்திருந்தவரின் வாட்ச்சில் இது சகஜம். வாஷர் உட்காரும் பரப்பில் குழி விழுந்துவிட்டால், புது வாஷர் போட்டாலும் அது முழுமையாக அடைக்காது. நூறு மீட்டர் ஆழத்துக்கு என்று விற்கப்பட்ட கேஸ் கை கழுவும் தண்ணீரைக்கூட நம்பமுடியாத நிலைக்கு வந்துவிடும். கேஸ் நீரை அடைக்கிறதா என்பதை வெளியிலிருந்து அறிய ஒரே வழி அழுத்தச் சோதனை. காற்றழுத்தத்தில் கேஸ் எவ்வளவு விரிகிறது என்று அளக்கும் கருவி, வாட்ச்சை நீரில் போடாமலேயே, நல்ல சர்வீஸ் கடைகளில் இருக்கிறது. பக்கவாட்டில் இருக்கும் திருகுக் குமிழான சாவியையும் கவனியுங்கள்: திருகை விடுவித்தால் அது தானாக வெளியே துள்ள வேண்டும், மறுபடி திருகும்போது மரை இழுக்காமல் பிடிக்க வேண்டும்.

திறந்த மூடியின் உட்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய மெக்கானிக்குகள் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஊசியால் தேதியோ தங்கள் குறியோ கீறி வைப்பார்கள். இரண்டு மூன்று கீறல்கள் இருந்தால் அந்த வாட்ச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஸ்குரு தலைகளில் திருப்புளி வழுக்கிய தழும்பு, பாலத்தில் படிந்து கறுத்த கைரேகை ஆகியவை வேறு விதமான வரலாறு.

வாட்ச்சின் துடிப்பைக் கேட்டு அதன் ஓட்டத்தை அளக்கும் கருவி டைம்கிராஃபர்; விற்பவர்கள் காட்டும் அதன் திரைப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இப்போது எல்லோரும் அதைத்தான் சான்றிதழ் போல அனுப்புகிறார்கள். டயல் மேல்நோக்கிய ஒரே நிலையில், முழுச் சாவி ஏற்றிய உடனே எடுத்த படம் கிட்டத்தட்ட எந்த வாட்ச்சையும் ஆரோக்கியமாகக் காட்டும். அந்தக் கருவி வீச்சைக் கணக்கிட, லிஃப்ட் ஆங்கிள் என்று ஒரு எண்ணைப் பதிக்க வேண்டும்; ஒவ்வொரு துடிப்பிலும் பேலன்ஸ் சக்கரம் தள்ளப்படும் கோணம் அது. 3135க்கு அது 52 பாகை. யாராவது அதைக் கூட்டி வைத்தால் வீச்சும் கூடிய அளவாகவே திரையில் வரும், படம் பார்க்க அழகாக இருக்கும். ஆகவே அந்த எண் படத்தில் தெரிய வேண்டும். சாவி மேலே, சாவி கீழே என்று செங்குத்தான நிலைகளின் அளவும் வேண்டும். முழுச் சாவிக்குப் பிறகு ஒரு நாள் கழித்து எடுத்த அளவும் வேண்டும். முழுச் சாவியில் படுத்த நிலையில் 270 பாகைக்கு மேல் வீச்சு இருந்தால் மகிழ்ச்சி. செங்குத்து நிலையில் அது 220க்குக் கீழே விழுந்தால், சர்வீஸ் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

பெட்டியும் தாளும் உடன் வந்தன என்று எழுதியிருந்தீர்கள். 1991 வாட்ச்சுக்கு உரியது தொடர் எண் துளையிட்டுப் பதிந்த காகிதம். பிளாஸ்டிக் வாரண்டி அட்டை 2000களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் வந்தது. உங்களுக்குத் தந்தது அட்டையாக இருந்தால் அது இந்த வாட்ச் பிறந்தபோது வந்ததல்ல. காகிதமாகவே இருந்தாலும், பழைய தாள்களும் பெட்டிகளும் தனியே விற்பனையாகின்றன என்பதை மறக்க வேண்டாம். நான் தாளைவிட சர்வீஸ் பில்லைத்தான் அதிகம் நம்புவேன். எந்தத் தேதியில், யார், எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று எழுதிய ஒரு பில், அழகான பச்சைப் பெட்டியைவிட எவ்வளவோ மேல்.

உங்கள் வழக்கின் உயிர்நாடியும் அந்த சர்வீஸில்தான் இருக்கிறது. டயல் பற்றி வாதிட்டால் விற்றவர் "அது கம்பெனி டயல்தானே" என்பார். பாலிஷ் பற்றிக் கேட்டால் "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்பார். ஆனால் போன வருடம் முழு சர்வீஸ் ஆன மெஷினில் ரோட்டர் அச்சு இப்படித் தேய்ந்திருக்க முடியாது. சர்வீஸில் முதலில் கழற்றுவதே ரோட்டரைத்தான். ஆடும் அச்சை மாற்றாமல் மூடுவதை யாரும் சர்வீஸ் என்று சொல்லமாட்டார்கள். வாஷர் இடுக்கில் குழி விழும் அளவு துருவும் ஒரு வருடத்தில் வந்ததல்ல. ஆகவே எழுத்தில் உள்ள அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சொல்லி விற்ற விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவிலேயே இருக்கிறது. விற்றவர் வியாபாரியாக இருப்பதால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் உங்களுக்குத் துணை. நீங்கள் வசிக்கும் கோவையிலேயே மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது.

அதற்கு முன் பேசிப் பாருங்கள், பேசும் முன் ஆதாரத்தைச் சேருங்கள். வாட்ச்சை இன்றே கழற்றி வையுங்கள்; ஒவ்வொரு அசைவிலும் பொடி கூடுகிறது. மெக்கானிக்கை மறுபடி திறக்கச் சொல்லி, பாலத்தின் கீறல், துருவின் குழி, டயலின் கீழ் விளிம்பு, மூடியின் உட்பக்கம் ஆகியவற்றை நெருக்கமாகப் படமெடுத்து, தொடர் எண்ணும் தேதியும் போட்ட அறிக்கையை அவரது கடைத் தாளில் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் அந்தப் போனையே பத்திரப்படுத்துங்கள். பிறகு விற்றவரிடம் அந்த சர்வீஸின் பில்லை மட்டும் கேளுங்கள், வேறெதையும் பேசவேண்டாம். பில் இருந்தால் சர்வீஸ் செய்தவரிடம் விசாரிக்கலாம். இல்லையென்றால், வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதா, சர்வீஸ் செலவைக் கழித்துக்கொள்வதா என்ற பேச்சுக்கு அவரே வந்துவிடுவார். பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிந்துவிடும், ஏனென்றால் இந்த வியாபாரம் ஓடுவது பெயரை நம்பித்தான்.

வாட்ச்சை வைத்துக்கொள்ள முடிவு செய்தால் எங்கே சர்வீஸுக்குக் கொடுப்பது என்ற கேள்வி வரும். ரோலெக்ஸ் தன் உதிரிப் பாகங்களைத் தான் அங்கீகரித்தவர்களுக்குத்தான் தருகிறது. வெளியே உள்ள நல்ல மெக்கானிக்குக்குக்கூட அசல் அச்சு எளிதில் கிடைக்காது, வெளிச்சந்தைப் பாகத்தைத்தான் போட நேரும். அதனால் மெஷினைப் பொறுத்தவரை, செலவு கூடினாலும், இரண்டு வருட உத்தரவாதத்தோடு கம்பெனி மையமே மேல் என்பேன். ஆனால் அங்கே கேஸைப் பாலிஷ் போட்டுத் தருவதை வழக்கமான சேவையாகவே செய்வார்கள். இதற்கு மேல் இழைக்க உங்கள் வாட்ச்சின் காதுகளில் எஃகு இல்லை. வாட்ச்சை ஒப்படைக்கும் சீட்டில் "பாலிஷ் வேண்டாம், டயலும் முள்ளும் மாற்ற வேண்டாம்" என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தருவார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். தரமாட்டார்கள் என்றால், தேய்ந்த அச்சைப் படமெடுத்தாவது அனுப்பச் சொல்லுங்கள். விற்றவரோடு பேச்சு இன்னும் முடியவில்லை என்றால், அது முடியும்வரை சர்வீஸுக்கே கொடுக்காதீர்கள். மெஷினைச் சுத்தம் செய்த அன்றே உங்கள் ஆதாரமும் துடைக்கப்பட்டுவிடும்.